பதினைந்து தாளிலும் புளி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இருபத்தேழு வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியதில் வந்த வியாதி அது என்பார் என் கணவர். இல்லை, பிறவியிலேயே உண்டு. கல்லூரி அதற்குச் சம்பளம் கொடுத்தது, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்தபோதுதான் மதிப்பீட்டு வேலை வந்து சேர்ந்தது. யாராவது ஒரு பயிற்சி நடத்துவார்கள். தையல் பயிற்சி, நர்சுகளுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி, முக்கூடல் பக்கம் வாழை விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பயிற்சி. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, இதனால் யாருக்காவது ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று பார்த்து எழுதித் தரச் சொல்வார்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் எழுதுவேன். அப்படியும் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

போன ஏப்ரல் கடைசியில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வெளிநாட்டில் மென்பொருள் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வண்ணாரப்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மாடியில் இரண்டு அறை எடுத்து, செயற்கை நுண்ணறிவு பாதுகாப்பு பற்றி ஒரு பயிற்சி நடத்தி முடித்திருந்தார். செயற்கை நுண்ணறிவு தெரியும், என் போனிலேயே இருக்கிறது. அதற்கென்ன பாதுகாப்பு, பூட்டுச் சாவியா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். இந்த இயந்திரங்களுக்கு நாளுக்கு நாள் கெட்டிக்காரத்தனம் கூடிக்கொண்டே போகிறது, அவை பொய் சொல்லாமலும், சொன்னதைச் செய்வதுபோல் பாவனை காட்டிவிட்டு வேறொன்றைச் செய்யாமலும் இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆட்கள் திருநெல்வேலியிலிருந்தும் வரட்டுமே என்பது அவர் ஆசை. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். எல்லோரும் இந்தத் துறைக்குப் புதியவர்கள். பெங்களூரிலும் வெளிநாட்டிலுமாக நான்கு வழிகாட்டிகள். பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு தடவை ஆன்லைனில் பேசி, ஆளுக்கொரு சின்ன ஆராய்ச்சியைச் செய்ய வைத்திருந்தார்கள்.

அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து நடத்துகிற பயிற்சி அது. ஜூலையில் இரண்டாவது அணி தொடங்குவதா, கடையைக் கட்டுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பிரயோஜனம் என்று எழுதினால் நடத்துவார்கள், இல்லை என்றால் மூடிவிடுவார்கள். இவ்வளவு நேர்மையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். இரண்டாவது அணி நடந்தால் பத்துப் பேரில் ஒரு பெண்ணை உள்ளூர் வழிகாட்டியாக முழுநேர வேலைக்கு எடுக்கப்போவதாகவும், அந்தப் பெண் பள்ளிக்கூட வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பதாகவும் சொன்னார். பள்ளித் தாளாளர் அவள் இடத்தை மே மாதக் கடைசி வரைக்கும்தான் வைத்திருப்பாராம். ஆக, நான் எழுதப்போவதில் ஒரு டீச்சரின் பிழைப்பும் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் வேலையாக ஒரு படிவம் தயாரித்தேன். வழிகாட்டி எப்படி, பாடம் எப்படி, புரிந்ததா, உதவியாக இருந்ததா என்று பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க். பேர் எழுத வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டேன். பத்துப் படிவமும் திரும்பி வந்தன. எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் பத்துக்குப் பத்து. ஒருவர் மட்டும் ஒரு கேள்விக்கு ஒன்பது போட்டு, பிறகு மனசு கேட்காமல் அதை அடித்துவிட்டுப் பத்தாக்கியிருந்தார். கருத்து எழுதுகிற இடத்தில் ‘மிகவும் அருமை’, ‘மிக்க நன்றி’, ‘வழிகாட்டி ஐயா அவர்களுக்கு எங்கள் வணக்கங்கள்’.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவேண்டாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். நம்ம ஊரில் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டு சாப்பாடு எப்படி என்று கேட்பார். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் பிரமாதம் என்றுதான் சொல்வோம். சொல்லாமல் போனால் நாம்தான் மனுஷர் இல்லை. வேன் ஏறி வண்ணாரப்பேட்டை தாண்டிய பிறகுதான் உப்புப் பேச்சு ஆரம்பிக்கும். நான் போய்க் கை கழுவும் இடத்தில் நின்று படிவம் நீட்டியிருந்தேன்.

சரி, நேரில் பார்த்துப் பேசலாம் என்று ஒவ்வொருவராக வரச் சொன்னேன். அங்கேயும் அதே கதைதான். வாராவாரம் கூட்டத்தின் முடிவில் வழிகாட்டி, எல்லாம் விளங்கிற்றா, கேள்வி ஏதும் உண்டா என்று இங்கிலீஷில் கேட்பாராம். இவர்கள் விளங்கிற்று சார் என்பார்களாம். ஒரு தடவையாவது விளங்கவில்லை என்று சொன்னதுண்டா என்று கேட்டால், அவ்வளவு பெரிய ஆள் நமக்காக நேரம் ஒதுக்கிப் பேசுகிறார், அவரிடம் போய் எப்படி என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

அந்த டீச்சர் கடைசியாக வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயதிருக்கும், கணக்கு டீச்சர். தலையில் போட்டிருந்த துப்பட்டாவைச் சரி செய்துகொண்டே, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவள் அப்பா வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவளுடைய ஆராய்ச்சி எனக்கு உடனே பிடித்துவிட்டது. இயந்திரத்திடம் ஒரு கணக்குக் கேட்பாள். அது சரியாக விடை சொல்லும். பிறகு, நான் ஒரு பேராசிரியர், எனக்கென்னவோ விடை வேறு என்று தோன்றுகிறது என்று வேண்டுமென்றே தப்பான எண் ஒன்றைச் சொல்வாள். இயந்திரம் தன் சரியான விடையை விட்டுவிட்டு, மன்னிக்கவும், நீங்கள் சொல்வதுதான் சரி என்று வளைந்து கொடுக்கிறதா என்று பார்ப்பாள். பல சமயம் கொடுக்கிறதாம். பெரிய பதவியைச் சொன்னால் சீக்கிரம் கொடுக்கிறதாம். ஆபத்து அதுதான் என்றாள். ஒரு டாக்டர் தப்பாக மருந்து எழுதினால் அதற்கும் தலையாட்டுமே என்றாள்.

“அது நம்ம ஊர்க்காரன்தான் போல” என்றேன். வாய் பொத்திச் சிரித்தாள். ஆனால் அவளும் என் படிவத்தில் பத்துக்குப் பத்து போட்டவள்தானே. அதைக் கேட்காமல் விட்டேன்.

ஆக, வாயைத் திறந்து யாரும் உண்மை சொல்லப்போவதில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை. ஒரு நாள் முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். பயிற்சிக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் மயிரிழையில் இடம் தவறிய ஐந்து பேர் இருந்தார்கள். பத்தாவது ஆளுக்கும் பதினொன்றாவது ஆளுக்கும் அரை மார்க் வித்தியாசம்கூட இல்லை. கிட்டத்தட்ட ஒரே தரம். பத்துப் பேருக்குப் பயிற்சி கிடைத்தது, இந்த ஐந்து பேருக்குக் கிடைக்கவில்லை. இப்போது பதினைந்து பேருக்கும் ஒரே பரீட்சை வைத்தால்? பயிற்சி ஏதாவது கிழித்திருந்தால் பத்துப் பேர் மேலே இருக்கவேண்டும். யாருடைய மரியாதையும் இதற்குள் புக முடியாது.

ஐந்து பேருக்கும் நானே போன் செய்தேன். இத்தனை நாளும் இந்தத் துறையில் ஏதாவது படித்தீர்களா என்று கேட்டேன். ஐந்து பேரும் தாங்களாகவே கொஞ்சம் படித்ததாகச் சொன்னார்கள். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? இல்லை மேடம், நானாகத்தான் என்றார்கள். குறித்துக்கொண்டேன். படிவத்தில் எழுதியதை நம்பாதவள், போனில் சொன்னதை அப்படியே நம்பினேன் பாருங்கள். மெச்சிக்கொண்ட மயக்கம்.

பரீட்சைத்தாளில் ஓட்டைகள் உள்ள ஓர் ஆராய்ச்சியைக் கதைபோல விவரித்து, இதில் என்னென்ன கோளாறு என்று கேட்டிருந்தேன். பதினைந்து பேரும் எழுதினார்கள். திருத்தினேன். தேர்வானவர்களும் தேர்வாகாதவர்களும் ஏறத்தாழ ஒரே மார்க். மறுபடி திருத்தினேன். அதே மார்க். ஒரே ஒரு விஷயம் எரிச்சலூட்டியது. ஆராய்ச்சி செய்தவரே தன் இயந்திரத்துக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டார் என்று ஓர் ஓட்டை வைத்திருந்தேன். பதினைந்து தாளிலும் அதற்கு ஒரே உதாரணம்: புளி நிறுக்கிறவர் தட்டில் விரலை வைத்துக்கொண்டு எடை சொல்வதுபோல. எல்லாம் இன்டர்நெட்டில் ஒரே இடத்திலிருந்து காப்பி அடித்திருக்கிறார்கள், கழுதைகள் என்று நினைத்தேன்.

முடிவு தெளிவாக இருந்தது. பயிற்சி கிடைக்காதவர்களும் அதே அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். அப்படியென்றால் பயிற்சியால் ஒன்றும் ஆகவில்லை. எழுத வருத்தமாகத்தான் இருந்தது. அந்த மனுஷரின் ஆசையும், அந்தப் பெண்ணின் வேலையும் கண்முன் வந்தன. ஆனால் கணக்குக்குக் கருணை கிடையாது என்று என்னிடம் படித்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டேன்.

மே கடைசி வியாழக்கிழமை, கண்ணாடிக் கடை மாடியில் கூட்டம். மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசியது. பத்துப் பேரும் வந்திருந்தார்கள். நடத்துகிறவர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அனுப்புவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். முழுவதையும் வாசித்தேன். புளி விஷயத்தையும் விடவில்லை. பதினைந்து பேரும் ஒரே இடத்தில் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் நக்கலாகவே வாசித்தேன். கடைசியில், ஆகவே இந்தப் பயிற்சியைத் தொடரவேண்டிய அவசியம் இல்லை என்று முடித்துவிட்டு, இதில் தப்பு ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றேன்.

ஒன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். சரி, இவர்கள் சின்னவர்கள். நடத்துகிறவரைப் பார்த்தேன். அவருடைய பயிற்சியை அவர் எதிரிலேயே குழி தோண்டிப் புதைத்திருக்கிறேன். அவராவது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக்கூடாதா?

“நீங்க இவ்ளோ வருஷம் இதுலயே இருக்கீய மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அவர். முகம் வாடிப்போயிருந்தது.

அப்போது அந்த டீச்சர் எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம் என்று சொன்னேன். அவள் உட்காரவில்லை. துப்பட்டா முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்க முடிவு தப்பு மேடம்” என்றாள்.

என் வாழ்நாளில் கல்லூரி முதல்வர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. என்ன தப்பு என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

“அந்த அஞ்சு பேரும் தானா படிக்கல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க வீட்டு மாடிக்கு வந்து படிச்சாங்க. இங்க நடத்துனதெல்லாத்தையும் நாந்தான் அவங்களுக்குத் தமிழ்ல சொல்லிக் குடுத்தேன். யாரு கேட்டாலும் சொல்லாதீயன்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். பயிற்சி கெடச்சவங்களயும் கெடைக்காதவங்களயும் நீங்க ஒப்பிடல மேடம். ரெண்டு பக்கமும் கெடச்சவங்கதான்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எல்லாத் தாள்லயும் புளி இருந்துச்சுல்லா? அது எங்க வாப்பா கடைப் புளி. நான் சொன்ன உதாரணம்.”

அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபமா, வெட்கமா என்று இன்று வரை தெரியாது. பதினைந்து தாளிலும் புளி உட்கார்ந்திருக்கிறது. அதைக் காட்டினாலே போதும், நான் நடத்திய முதலாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட, இரண்டு பக்கமும் கலந்துவிட்டது மேடம் என்று சொல்லியிருக்கும். நான் காப்பி என்று திட்டிவிட்டுத் தாளை மூடி வைத்திருக்கிறேன். இருபத்தேழு வருஷம்.

ஆனால் அவள் சொன்னதன் முழு விலை அடுத்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. பயிற்சியில் சேரும்போது எல்லோரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாடக்குறிப்புகளையும் பயிற்சிகளையும் வெளியாட்களுக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் நீக்கம், பிற்பாடு எந்தப் பொறுப்பும் கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பயிற்சி மட்டும்தான் மூடப்படும். இப்போது பயிற்சி பிழைத்தாலும் அவளுக்கு அதில் வேலை இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் எழுந்திருக்கிறாள்.

நடத்துகிறவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே டீச்சர் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். ஆமா சார் என்றாள். யோசிக்கணும் என்று எழுந்துவிட்டார். வாங்கி வைத்த வடை அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. மற்ற ஒன்பது பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் படியிறங்கினார்கள். இவளுக்காக ஒரு வார்த்தை பேச ஒன்பது பேரில் ஒரு ஆள் இல்லையா என்று அவர்கள் மேலும் எனக்குக் கோபம்.

படியில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். “ஏம்மா, இவ்ளோ தெளிவாப் பேசுதவ, என் படிவத்துல எதுக்குப் பத்துக்குப் பத்து போட்ட?”

“அது ஒங்க மனசுக்குப் போட்டது மேடம். கணக்குல அப்படிப் போட முடியாதுல்லா?” என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஒரு சின்னப் பொண்ணு என்னைத் தப்பு என்று சொல்லிவிட்டது என்றேன். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறமாட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முப்பத்திரண்டு வருஷமா நான் சொல்லணும்னு நெனச்சது என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

இரண்டு நாள் அறிக்கையைத் தொடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை என் கண்ணால் பார்க்காமல் மறுபடி ஒரு வரி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். சொல்லிவிட்டுப் போனால் ஜோடித்து வைப்பார்கள் என்று, சொல்லாமலே ஞாயிறு காலை ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனேன். பஜாரில் பலசரக்குக் கடை என்று கேட்டதுமே வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

வாசலில் செருப்புகள். எண்ணுவது என் தொழில், கை தானாக எண்ணியது. வீட்டாருடையவை என்று ஓரமாக வரிசையில் இருந்ததைக் கழித்தேன். ஐந்து ஜோடி இருக்கவேண்டிய இடத்தில் பதின்மூன்று ஜோடி. அதில் ஒரு ஜோடி பளபளவென்று ஷூ. எனக்குக் கணக்கு உதைத்தது. அதற்குள் அவள் அம்மா வெளியே வந்துவிட்டார். நான் இன்னார் என்று சொன்னதுமே கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கக்கா, வாங்க. நீங்க கோவக்காரின்னு மவ சொல்லிருக்கா” என்றார். மகளின் நேர்மை எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா எழுந்து நின்று, முதல் காரியமாக ஒரு வழக்கைத் தொடுத்தார். தட்டில் விரல் வைக்கிற பழக்கம் அவர் கடையில் கிடையவே கிடையாதாம். பிள்ளை பாடம் நடத்துகிறேன் என்று கடைப் பெயரைக் கெடுக்கிறதாம். நீங்களாவது ரிப்போர்ட்டில் அதைத் தெளிவாக எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பைய மாடியேறினேன்.

கதவருகில் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பலகை. முன்வரிசையில் ஜமக்காளத்தில் அந்த ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் ஏழு பேர், எல்லாம் எனக்குத் தெரிந்த முகம். வியாழக்கிழமை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஒன்பது பேரில் ஏழு பேர்.

அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு எழப்போனான். உட்காரு என்று கை காட்டிவிட்டு அவன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். நீ எதற்கு இங்கே, உனக்குத்தான் பெங்களூர் வழிகாட்டி இருக்கிறாரே என்று காதில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். வழிகாட்டி சொல்வது நல்லாத்தான் இருக்கும், ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்தே ஒன்றும் விளங்கவில்லை, விளங்கவில்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சம், டீச்சரிடம் வந்தால் திருப்பித் திருப்பிச் சொல்லுவாள், வந்துவிட்டோம், ஒன்பது பேருமே வருவதுண்டு, இன்றைக்கு இரண்டு பேருக்கு முடியவில்லை என்றான். டீச்சரை மாட்டிவிடக்கூடாது என்றுதான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்; வீட்டுக்குப் போய் யோசித்தால் தங்களைத்தான் காப்பாற்றிக்கொண்டோம் என்று தோன்றியதாம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றான். பாவமாக இருந்தது. தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, கவனி என்றேன்.

பலகை முன்னால் அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, நிறுத்தாமல் நடத்திக்கொண்டே போனாள். இயந்திரம் சோதனை நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளக்கூடும். அது தெரிந்துகொண்டதா இல்லையா என்பதை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் அன்றைய பாடம். கஷ்டமான பாடம்தான். நான் இத்தனை வருஷப் புள்ளியியலை வைத்துக்கொண்டு முட்டி மோதிப் பின்தொடர்ந்தேன். அறிக்கையில் என்ன எழுதுவது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாரம் ஒரு தடவை ஆன்லைனில் நடந்தது பாதிப் பயிற்சி. மீதிப் பாதி இந்த மாடியில் நடந்திருக்கிறது, ஒரு படிவத்திலும் சிக்காமல்.

அப்போதுதான் பின்னால் ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். நடத்துகிறவர். மடியில் நோட்டு, கையில் பேனா, சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். வாசலில் கிடந்த ஷூ அவருடையது. விதியை மீறியதைக் கையும் களவுமாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடலாம் என்று அவரும் யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.

“எனக்கு இது வெளங்கல டீச்சர்” என்றார். “இன்னொரு தடவ சொல்லுதீயளா?”

அறையில் எல்லாத் தலையும் திரும்பியது. பன்னிரண்டு வாரம், நான்கு வழிகாட்டிகள், பத்துப் பேர். அத்தனையிலும் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத சொல், அதை நடத்தியவர் வாயிலிருந்து வந்தது. எதுலேருந்து சார் என்று கேட்டாள் அவள். மொதல்லேருந்து என்றார் அவர். அவள் பலகையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். என் பக்கத்தில் இருந்தவன் பெருமூச்சு விட்டான். அவனுக்கும் விளங்கவில்லையாம்.

வகுப்பு முடிந்ததும் ஒருவரும் கீழே இறங்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் பலகைப் பேனாவை மூடி வைத்துவிட்டு நின்றாள். நடத்துகிறவர் எழுந்து அவளிடம் போனார். அந்த விதி இருக்கிறதே, வெளியாளுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடாது என்று, அதை வெளிநாட்டில் எங்கோ பார்த்து அப்படியே எழுதிவைத்ததாகவும், அது எதற்கென்று தனக்கே விளங்காமல்தான் எழுதினதாகவும், அதைக் கிழித்தாயிற்று என்றும் சொன்னார். ஜூலையில் இரண்டாவது அணி உண்டு, மேடம் என்ன எழுதினாலும் சரி என்றார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு, பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். நாளைக்குக் கடைசி என்றாள்.

“அப்ப வரலன்னு சொல்லிருங்க. வழிகாட்டியா இங்கன வந்துருங்க.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள். எனக்கும் நிறைந்துவிட்டது, நான் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் அம்மா படியில் டீத் தட்டோடு பாதியில் நின்றுகொண்டிருந்தார். சரி சார் என்று சொல்லப்போகிறாள், கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டியதுதான் என்று நான் தயாராக நின்றேன்.

“ஒண்ணு இருக்கு சார். இந்த ஞாயித்துக்கெழம க்ளாஸு யாரு வந்தாலும் தொறந்திருக்கணும். எடம் கெடைக்காதவங்களுக்கும். அதுக்குச் சம்மதம்னா வாரேன்” என்றாள்.

அவர் முழுசாகக் கேட்பதற்குள் சரி, சரி, தாராளமாக என்று தலையை ஆட்டினார்.

“ஒடனே தலையாட்டாதீய சார்” என்றாள் அவள். “யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். டீ வந்தது. ஒரு டம்ளர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கிற நேரம் அவர் யோசித்தார். அவளுக்குப் பதில் சொல்லும்போது தலையாட்டவில்லை, வாயால் சம்மதம் என்று மட்டும் சொன்னார்.